கரிப்பெட்டி

என் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் போனது ஒரு ரயில் பொம்மையால் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீடு, நகை என்று அடித்துக்கொண்டிருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ள எனக்கும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அது அப்பாவின் ரயில். பொம்மை என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும், ‘மாடல்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நீராவி எஞ்சின், அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும் கரிப்பெட்டி, அதற்குப் பின்னால் மூன்று பயணிகள் பெட்டிகள். விடுமுறை வந்தால் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டுவார். அண்ணனும் தம்பியும் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால்தான் நிஜ ரயில் மாதிரி தெரியுமாம். நான் வட்டத்துக்கு நடுவில் கொடி பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போதே எனக்கு நடுவில் நிற்கிற வேலைதான்.

அப்பா போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது இரண்டு பேரும் ரயிலை விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சாயத்துப் பேச வந்த சித்தப்பா, “எஞ்சின் பெரியவனுக்கு, பெட்டியெல்லாம் சின்னவனுக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் கணக்கில் கரிப்பெட்டியும் ஒரு பெட்டி. தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பார்த்தால், மோட்டார் அதற்குள் இருக்கிறது. எஞ்சினுக்குள் ஒன்றுமே கிடையாது. “அண்ணனுக்கு வெறும் கூடுதான் போயிருக்குக்கா” என்று எனக்கு போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கரிப்பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டான். அது அசையவில்லை.

சிரித்த வாய் திட்ட ஆரம்பித்தது. கெட்டுப்போனதைத் தன் தலையில் கட்டிவிட்டானாம், பிரிப்பதற்கு முன்பே உள்ளே எதையோ கழற்றிவிட்டானாம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், கழற்றத் தெரிந்தவன்தானே என்றான். நேராக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், அக்கம்பக்கம் எல்லாம் கேட்கிற மாதிரி “திருடன்” என்று சொன்னான். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டான். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கதவை அவனுக்குத் திறக்கவும் இல்லை, அவன் வந்து தட்டவும் இல்லை. இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. தம்பி சலூன் வைத்திருப்பதால் அவனுடைய நரை மட்டும் வெளியில் தெரியாது.

இந்த வருஷம் அண்ணனுடைய இதயம் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும் ஒரு இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மதியம் கடையைச் சாத்திவிட்டு அவனைப் பார்க்கப் போவேன்.

“லிஃப்ட்டுன்னா மோட்டார மாத்திடலாம் பாப்பா. இந்த மோட்டாருக்கு ஸ்பேர் கிடையாது” என்று சட்டைப் பைக்கு மேல் நெஞ்சைத் தட்டிக் காட்டினான் அண்ணன். ஐம்பது தாண்டிய பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அலமாரி மேலே இருந்த எஞ்சினைக் காட்டி, “அத ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்” என்றான்.

“அதான் கெட்டுப்போச்சே?”

“யாரு சொன்னது? எதுவும் கெடல. ரெண்டு தண்டவாளத்துல ஒண்ணோட கரண்ட்டு எஞ்சின் சக்கரம் வழியா வரும். இன்னொண்ணோடது கரிப்பெட்டி சக்கரம் வழியா வரும். ரெண்டையும் சேத்து மாட்டினாத்தான் மோட்டாருக்கு முழு கரண்ட்டு போகும். தனியா வெச்சா எப்படி ஓடும்?”

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. எனக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். வந்த பிறகு நிறைய வந்தது.

“இது தெரிஞ்சுமா இத்தன வருஷம் வாயத் தெறக்காம இருந்த?”

“திருடன்னு சொன்னவனுக்கு நான் உக்காந்து பாடம் எடுக்கணுமா?” என்றான். பிறகு இயந்திரத்தின் பெருமூச்சுக்கு நடுவில், “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தான்” என்றான். “நீ போய்ச் சொல்லு. கரிப்பெட்டிய எடுத்துட்டு அவன வரச்சொல்லு.”

ஓட்டமும் நடையுமாகப் போனேன். சலூனில் தம்பி ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் கை நின்றது. பாதி முகத்தில் நுரையோடு அந்த ஆள் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி கத்தியை மடித்து வைத்துவிட்டு, சீப்புகள் வைக்கும் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என்னிடம் நீட்டினான். திறந்து பார்த்தேன். உள்ளே மோட்டார் துண்டு துண்டாகக் கிடந்தது. செப்புக் கம்பி சிக்கெடுக்க முடியாமல் ஒரு உருண்டையாகச் சுருண்டிருந்தது.

“எரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்கா. எங்க எரிஞ்சிருக்குன்னு பாக்கலாம்னு காயில் கம்பியப் பிரிச்சேன். பிரிக்கப் பிரிக்க அறுந்துபோச்சு” என்றான்.

கெடாத ஒன்றை ரிப்பேர் செய்து கெடுத்திருந்தான். எனக்கு அவனை அந்தக் கத்தியாலேயே ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். “சரி விடு. மோட்டாரும் வேணாம் மண்ணும் வேணாம். வா, அண்ணனப் போய்ப் பாரு” என்றேன்.

“திருடன்னு சொன்னேன்கா. தெருவுல நின்னு சொன்னேன். இப்ப இந்த டின்னத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட போறது? சரிபண்ணி எடுத்துட்டு வரேன். வெறுங்கையோட வரமாட்டேன்.”

அவன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அப்பாவின் வீம்பில் இரண்டு பேரும் சரிபாதி வாங்கியிருக்கிறார்கள். அதைப் பிரிக்க மட்டும் சித்தப்பா தேவைப்படவில்லை.

அண்ணனிடம் பூசி மெழுகலாம் என்று பார்த்தேன். “கொஞ்சம் துருப்பிடிச்சிருக்காம், மோட்டார்ல கார்பன் பிரஷ் மாத்தணுமாம்” என்றேன். அண்ணன் என்னையே பார்த்தான்.

“பிரிச்சுட்டானா?”

நான் தலையாட்டினேன். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாகிவிட்டது. மூச்சு திரும்பியதும், அண்ணி அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டை டப்பாவை எடுக்கச் சொன்னான். உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு மோட்டார் இருந்தது. புதுசு, பிரிக்கவே இல்லை.

“இந்த ரயில் செய்யற கம்பெனிய மூடப்போறாங்கன்னு கேள்விப்பட்டு அப்பவே வாங்கி வெச்சேன். அவன் கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

சந்தோஷத்தில் அந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியில் பலமே இல்லை. அதனால்தான் நின்றேன்.

“இது இங்க இருக்குன்னு அவன்கிட்ட சொல்லாத. சொன்னா பார்ட்டுக்காக ஓடிவருவான். நான் அப்படி வரவேணாம்னு பாக்கறேன். என்னைப் பாக்க வரட்டும். வந்தா நானே கையில குடுப்பேன். என் மேல சத்தியம், சொல்லமாட்டேன்னு சொல்லு.”

படுத்துக் கிடக்கிறவன் தன் மேல் சத்தியம் கேட்டால் எந்தத் தங்கைதான் மீறுவாள்? எனக்கு ஓட்டை வாய் என்று ஊரே சொல்லும். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அடைத்து வைத்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

தம்பி மாடல் ரயில் ரிப்பேர் செய்கிறவரைத் தேடிப் பிடித்தான். கடிகாரக் கடைக்கு மேல் மாடியில், காது மெஷினும் பழைய கேமராவும் சரிசெய்கிற ஒரு ஆள். சரியான பேச்சுக்காரர். ஒரு ஸ்க்ரூவை எடுக்க அரை மணி நேரம் கதை சொல்வார். அவருடைய மேஜைக்குப் பின்னால் சின்னச் சின்ன அறைகள் வைத்த மரப்பெட்டி இருந்தது. செத்துப்போன எஞ்சின்களிலிருந்து கழற்றிய சக்கரங்கள், பல்சக்கரங்கள், விளக்குகள் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து எதையும் அவர் காசுக்குக் கொடுக்கமாட்டார்.

“காசு வாங்கினா பார்ட் தீந்துபோயிடும்மா. பார்ட்ட வாங்கிக்கிட்டு பார்ட் குடுத்தாத்தான் பெட்டி பெட்டியா இருக்கும். ஒண்ணு உள்ள வந்தாத்தான் ஒண்ணு வெளிய போகும்” என்றார் என்னிடம்.

“இந்தக் கம்பியையே திரும்பக் கட்டித் தரமுடியாதா?” என்று கேட்டேன்.

“மிக்சி கொண்டாங்க, காயில் கட்டித் தரேன். தண்ணி மோட்டார் கொண்டாங்க, கட்டித் தரேன். இது தலமுடிய விட மெல்லிசு.”

“முடின்னா என்கிட்ட விடுங்க” என்றான் தம்பி. சொன்னதோடு நிற்கவில்லை. சலூனில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுக் கம்பி வாங்கிச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுற்றில் அறுந்தது. நான் போய் நிற்பேன். “மோட்டார் கெடக்கட்டும்டா, அண்ணன் உன்னத்தான்டா கேக்கறான்” என்பேன். “தெரியும்கா, அவரு பெரிய மனசுக்காரரு. அதனாலதான் எனக்குக் கூசுது” என்பான். அவர் என்று மரியாதை வந்துவிட்டது, கால் மட்டும் வரவில்லை. “இன்னும் நாலு நாள்தான்” என்பான். அங்கே போனால் அண்ணன் வாசலைப் பார்த்துப் படுத்திருப்பான். கட்டிலையே திருப்பிப் போடச் சொல்லியிருந்தான். “வந்துடுவான் பாரு” என்று நான் சொல்ல, “அவசரமில்ல, வேலையிருக்கும்” என்று அவன் சொல்ல, இப்படியே ஓட்டினோம். அண்ணனுக்குக் கால் வீங்கியது. படிப்படியாகச் சாப்பாடு குறைந்தது.

ஒரு நாள் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டாக்டர் இனிமே வரவேணாம்னு சொல்லிட்டாரு” என்றாள். வரவேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நிமிஷமே முடிவு செய்தேன். சத்தியமாவது ஒன்றாவது, உடைத்துவிடுவது. டப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறது, ஓடு என்று சொல்லிவிடுவது. பார்ட்டுக்காக வந்தால்தான் என்ன, வந்தவன் அண்ணன் முகத்தைப் பார்க்காமலா போய்விடுவான்?

சலூன் பூட்டியிருந்தது. ரிப்பேர்காரர் மாடிக்கு ஓடினேன். படியேறி மூச்சு வாங்கி வாயைத் திறப்பதற்குள் தம்பி திரும்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சின்ன வயசுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

“கெடச்சிடுச்சுக்கா!”

வேறு ஒரு மாடலின் மோட்டாராம். ஒரு பல் டாக்டருடைய செத்த எஞ்சினில் இருந்ததாம். அடிப்பக்கம் கொஞ்சம் ராவினால் கரிப்பெட்டிக்குள் உட்கார்ந்துவிடுமாம். அதற்குப் பதிலாக தம்பி அப்பாவின் மூன்று பயணிகள் பெட்டிகளையும் கொடுத்திருந்தான். அவை மேஜை மேல் வரிசையாக நின்றன. அவனிடம் அப்பாவுடையது என்று இருந்தது அவ்வளவுதான். ரிப்பேர்காரர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு மத்தியானம் ரெடிம்மா” என்றார்.

“நாளைக்கு மத்தியானம் அண்ணன் முன்னாடி ஓட்டறேன்கா. கால்ல விழுந்துடறேன். அதுக்கப்புறம் திட்டட்டும், அடிக்கட்டும்” என்றான் தம்பி.

நான் சொல்ல வந்ததை மென்று விழுங்கினேன். அந்த முகத்தைப் பார்த்து, ‘நீ கொடுத்த பெட்டியெல்லாம் வீண், மோட்டார் அங்கேயே இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வேன்? ஒரு நாள்தானே. நாளை அவன் போய் நிற்பான். அண்ணன் விரும்பிய மாதிரி பார்ட்டுக்காக இல்லாமல் போய் நிற்பான். இவன் விரும்பிய மாதிரி வெறுங்கையோடும் இல்லை. எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தேன். “இப்பவே ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா” என்று மட்டும் கேட்டேன். “நாளைக்குக்கா” என்றான்.

மறுநாள் காலையில் நான் போனபோது அண்ணன் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தான். “இன்னிக்கு வரான்” என்றேன். கண்ணைத் திறந்து, “சும்மாதானே வரான்? நீ சொல்லலையே?” என்றான். “சொல்லல” என்றேன். அந்தப் பதிலில் அவனுக்கு அவ்வளவு திருப்தி. அந்த டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். அண்ணியைக் கூப்பிட்டு, “நான் தூங்கிட்டா அவன் வந்ததும் இத அவன் கையில குடு” என்றான். அண்ணி என்ன ஏது என்று கேட்கவில்லை. மதியத்துக்கு முன்பு அவன் தூங்கினான். இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்ததால் அவனுடைய மூச்சு நின்றது எங்களுக்குக் கொஞ்ச நேரம் தெரியவே இல்லை. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் திரைச்சீலைத் துணி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் போன நேரத்தில் நான் துணி விலை பேசிக்கொண்டிருந்தேன்.

அண்ணிதான் இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த அமைதியில்தான் நான் அழுதேன்.

தம்பி மதியம் வந்தான். சட்டையெல்லாம் வெட்டிய முடி, கையில் செருப்புப் பெட்டி, அதற்குள் கரிப்பெட்டி. காலையில் ஒரு முடிவெட்டு இருந்திருக்கிறது, அதை முடித்துவிட்டு அப்படியே ஓடிவந்திருக்கிறான். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். “அண்ணே, ஓடுதுண்ணே” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அண்ணி பாவம். அவளுக்கு எங்கள் மூவருக்குள் நடந்தது எதுவும் தெரியாது. சொன்னதைச் செய்தாள். தலையணைப் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்து, “நீங்க வந்ததும் குடுக்கச் சொன்னாரு” என்றாள்.

அவன் திறந்தான். எண்ணெய்க் காகிதத்தை விரித்தான். என் பக்கம் திரும்பினான்.

“உனக்குத் தெரியுமாக்கா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது எனக்கு அன்னியமில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது பொய் வரவில்லை. “தெரியும்” என்றேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவன் அந்தப் புது மோட்டாரை மறுபடியும் காகிதத்தில் சுற்றினான். எழுந்து குனிந்து, அதை அண்ணனின் சட்டைப் பைக்குள் வைத்துப் பையை நீவிவிட்டான். அண்ணன் என்னிடம் தட்டிக் காட்டிச் சிரித்தானே, அதே பை. ஸ்பேர் கிடையாது என்று அவன் சொன்னது தம்பிக்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி எஞ்சினை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கரிப்பெட்டியையும் தண்டவாளத்தையும் தம்பி ஆள் மூலம் அனுப்பினான். அவன் வரவில்லை. நான் துணி வெட்டும் மேஜையைக் காலி செய்து தண்டவாளத்தைப் பூட்டி, இரண்டையும் சேர்த்து மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. வேறு மாடலின் மோட்டார் என்பதாலோ என்னவோ பின்பக்கமாக ஓடியது. அண்ணன் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான், ஒரு கம்பியை மாற்றிப் போட்டு நேராக்கியிருப்பான். எனக்கு மாற்றத் தெரியவில்லை. பின்னால் இழுக்க ஒரு பெட்டியும் இல்லாமல் அது தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

போன் செய்தால் தம்பியின் பெண்டாட்டிதான் எடுக்கிறாள். “கைவேலையா இருக்காரு” என்கிறாள். ஒவ்வொரு தடவையும் கைவேலைதான். எனக்குப் புரிகிறது. இந்த வீட்டில் ஒரு கதவைச் சாத்தினால் எத்தனை வருஷம் சாத்தியே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அவனுக்குப் பிடித்த சட்டைத் துணி ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். நல்ல துணி வரட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

இன்று காலை வெறுங்கையோடு போனேன். பர்ஸைக் கூட எடுக்கவில்லை. சலூனில் கூட்டம். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு அவன் பார்க்காத மாதிரி வெட்டிக்கொண்டிருந்தான். நான் ஆண்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டுவிட்டு, இந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்பது போல் பார்த்தார். ஒவ்வொருவராக எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், இறங்கிப் போனார்கள். பெஞ்சில் நான் ஒருத்திதான் மிச்சம்.

தம்பி துணியை உதறினான். திரும்பாமலே, “அடுத்து யாரு?” என்று கேட்டான்.

“நான்தான்டா” என்றேன்.